ஆறடி வளர்ந்தும் பூக்காத காகிதப்பூ: ஒரு மொட்டை மாடியின் 12 தொட்டிகள்

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் மொட்டை மாடியில் ஓய்வுபெற்ற தம்பதியர் 12 தொட்டிகளில் காகிதப்பூ வளர்த்துவந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நர்சரியிலிருந்து கொண்டுவந்தபோது எல்லாச் செடிகளிலும் பூ இருந்தது. முதல் கோடையில் ஓரளவு பூத்தன. பிறகு வளர்ச்சி மட்டும்தான். அடியில் இலையே இல்லாத கட்டை, அதிலிருந்து ஐந்தாறு அடிக்குச் சாட்டை போல் நீண்ட கிளைகள், நுனியில் மட்டும் எப்போதாவது நான்கைந்து பூ. காற்றடித்தால் தொட்டியோடு சாய்ந்துவிடும் என்பதால் சிலவற்றைத் தண்ணீர்க் குழாயோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

கவனிப்பில் குறை இல்லை. காலை மாலை இரு வேளையும் போர் தண்ணீர். வாரம் ஒருமுறை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம். மாதம் ஒரு கை மண்புழு உரம். இடையிடையே அரிசி கழுவிய நீர், மீன் அமிலம். மாடித்தளம் ஈரமாகக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே தட்டு. கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வது, மட்டும் ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. பூக்க வேண்டிய கிளையை வெட்டிவிட்டால் அப்புறம் எங்கே பூக்கும் என்பது அந்த அம்மாவின் அச்சம்.

எதிர்ச்சாரியில் ஒரு காலிமனையின் சுற்றுச்சுவர் மேல், யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றாத காகிதப்பூ ஒன்று இலை தெரியாமல் பூத்துக்கிடந்தது. செடிகளைப் பார்க்கப் போன எங்களிடம் அதைக் காட்டித்தான் இருவரும் கேட்டார்கள்: "என்ன உரம் போட்டால் நம்முடையது இப்படிப் பூக்கும்?"

மூன்று ஆண்டுகளாக அவர்கள் கேட்டுவந்த கேள்வியும் அதுவே. கடைக்காரர் ஒவ்வொருமுறையும் ஓர் உரத்தைச் சொல்லியிருக்கிறார். வெயிலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

செடியின் இயல்பு

என்ன முடிவு எடுத்தோம் என்பதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை.

காகிதப்பூவில் நாம் பூ என்று பார்க்கும் நிறம் பூ அல்ல. பூவைத் தாங்கும் இலைகள். மூன்று வண்ண இலைகள் சேர்ந்திருக்க, ஒவ்வொன்றிலும் ஒட்டியபடி மெல்லிய குழல் போன்ற வெண்மையான சிறு பூ இருக்கும். அதுதான் உண்மையான பூ. இலை என்பதால்தான் நிறம் வாரக்கணக்கில் நிற்கிறது.

இரண்டாவது, இது புதுத் தளிரில் பூக்கும் செடி. பழைய கட்டையில் பூ வராது. ஆகவே பூ எத்தனை என்பது புதுத் தளிர் எத்தனை என்பதைப் பொறுத்தது. ஆறடிக் கிளை ஒன்றுக்கு நுனி ஒன்றுதான். அதையே வெட்டி எட்டுச் சிம்பு (புதுப் பக்கக்கிளை) கிளம்பினால் எட்டு நுனிகள்.

மூன்றாவதை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காகிதப்பூவின் முள்ளும் பூங்கொத்தின் காம்பும் இலைக்கக்கத்தில் (இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில்) ஒரே இடத்தில் தோன்றுகிற ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள். செடி வேகமாக நீண்டு வளரும் நிலையில் இருந்தால் அது முள்ளாகிறது. வளர்ச்சி அடங்கி, வெயிலும் சேமித்த மாவுச்சத்தும் போதுமான அளவு இருந்தால் அதே இடத்தில் பூங்கொத்து வருகிறது. ஆகவே நீளமான முள் நிறைந்த செடியைப் பார்த்தால், அது எதை நோக்கி ஓடுகிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடிக்கு, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் சென்ற தாவரவியலாளர் கொமர்சன் இதைப் பிரேசிலில் பார்த்துப் பதிவுசெய்தார். மழைக்காலத்தில் தழைத்து, மழை நின்று காய்ந்தபின் பூப்பது இதன் வழக்கம். காலிமனைச் சுவரில் இருந்த செடிக்கு அந்தச் சுழற்சி தானாகவே கிடைத்தது. மாடியில் இருந்தவற்றுக்கு 12 மாதமும் மழைக்காலம்.

ஜனவரி முதல் வாரம்: கண்டவை

தொட்டிகளுக்கு 1 முதல் 12 வரை எண் எழுதி ஒட்டி, இரண்டு நாள் காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மணிக்கு ஒருமுறை எந்தத் தொட்டியில் நேர்வெயில் விழுகிறது என்று குறிக்கச் சொன்னோம். இதற்குக் கருவி வேண்டாம், ஒரு தாள் போதும். 1 முதல் 8 வரையிலான தொட்டிகளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில். 9 முதல் 12 வரையிலானவை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் 11 மணிவரை இருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் படிக்கட்டு அறையின் நிழல் வந்துவிட்டது. மூன்று மணி நேர வெயில்தான். காகிதப்பூவுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணி நேரத்தில் உயிரோடு இருக்கும், தழைக்கும், பூக்காது. மொட்டை மாடியில் நிழல் இருக்கிறது என்பதையே அவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

அடுத்தது வேர். தொட்டிகள் எல்லாம் 12 அங்குலக் கறுப்புப் பிளாஸ்டிக். மேல்மண்ணை இரண்டு அங்குலம் தோண்டினால் ஈரம் சொதசொதவென்று இருந்தது. ஒரு லிட்டர் ஊற்றினால் உள்ளே இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. 3, 9, 12 ஆகிய மூன்றிலும் வடிகால் துளைக்குள் வேர் புகுந்து அடைத்திருந்தது. தட்டுகளில் தண்ணீர் நின்றது. செம்மண்ணும் சாணமும் சம அளவில் கலந்து நிரப்பியிருந்தார்கள். சாணம் மக்கிக் கரைந்தபின் மிஞ்சியது இறுகிய களி போன்ற மண்.

இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தன. கணுவுக்குக் கணு 7, 8 செ.மீ. இடைவெளி. இரண்டும் தழைச்சத்து மிகுந்ததன் அடையாளம். ஆனால் 2, 4, 8 ஆகிய தொட்டிகளில் புதுத்துளிர் மட்டும் மஞ்சளாகி, நரம்பு பச்சையாக இருந்தது. இது இரும்புச்சத்துக் குறைவின் முகம். துளையில் வடிந்த நீரைச் சோதனைத்தாளில் பார்த்தபோது கார அமில அளவு (pH) 8-ஐ ஒட்டி இருந்தது. காகிதப்பூவுக்கு ஏற்றது 5.5 முதல் 6.5 வரை. மூன்று ஆண்டுகள் உப்புப் போர் தண்ணீர் ஊற்றிய மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. அது செடி உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடந்தது.

10-ஆம் தொட்டியில் கக்கங்களில் மாவுப்பூச்சி, ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசை. 7, 8 ஆகியவற்றின் மேல் படிக்கட்டு அறையின் எல்.இ.டி. விளக்கு இரவு முழுவதும் எரிந்தது. பகல் குறுகும்போது நன்றாகப் பூக்கும் இயல்பு காகிதப்பூவுக்கு உண்டு. சென்னையில் பகலின் நீளம் டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், ஜூனில் 12 மணி 50 நிமிடம். வேறுபாடு சிறியது. இயற்கையான பகல்நீளம் இங்கே பூப்பதைத் தடுக்காது, ஆனால் இரவில் எரியும் விளக்கு பகலை நீட்டிவிடும்.

5-ஆம் தொட்டி தனிக் கதை. ஒரே செடியில் நான்கு நிறம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஒட்டுச்செடி. இப்போது ஒரே ஊதாநிறக் கிளை ஐந்தடிக்கு நின்றது. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய போத்து அது. மேலே ஒட்டிய நான்கில் மூன்று காய்ந்து போய்விட்டன. வெள்ளை நிறக் கிளை ஒன்று மட்டும் பென்சில் தடிமனில் உயிரோடு இருந்தது. நன்றாக வளர்கிறதே என்று அந்தப் போத்தைத்தான் அவர்கள் கம்பு கட்டிக் காப்பாற்றிவந்திருக்கிறார்கள்.

முடிவுகளும் காரணங்களும்

வரிசையை இப்படி வகுத்தோம்: முதலில் வெயில், பிறகு வடிகால், பிறகு கவாத்து, நுனி கிள்ளுதல், அதன்பின் தண்ணீரைக் குறைத்தல். உரம் கடைசி. தழைச்சத்து மிதந்துகொண்டிருக்கும் தொட்டியில் எந்தப் பூ உரத்தைப் போட்டாலும் வீண் என்பது எங்கள் கணிப்பு. 19:19:19, மீன் அமிலம், அரிசி கழுவிய நீர் மூன்றும் அன்றோடு நின்றன. பூப்பதற்காக எப்சம் உப்பு போடலாமா என்றும் கேட்டார்கள். எப்சம் உப்பு தருவது மக்னீசியம். அடி இலை மஞ்சளாகும் செடிக்கு அது உதவும். பூவை வரவழைக்காது.

காலம் பொங்கலுக்குப் பின் என்று முடிவானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறத் தொடங்கும் நேரம். அக்டோபரில் வெட்டினால் தளிர் முழுவதும் மழையில் நீண்டு மீண்டும் சாட்டையாகும். ஏப்ரலில் வெட்டினால் இளந்தளிர் கத்தரி வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட அவர்கள் சம்மதிக்கவில்லை. அது நியாயமான தயக்கம்தான். 1 முதல் 6 வரை ஜனவரி 17 அன்றும், அவை துளிர்ப்பதைப் பார்த்தபின் மற்ற ஆறு ஜனவரி 31 அன்றும் என்று பிரித்துக்கொண்டோம்.

மண் மாற்றுவதில் சிக்கனமாக இருந்தோம். காகிதப்பூவின் வேர் மெல்லியது, எளிதில் அறுந்துபோகும். வேர்க்கட்டு உடைந்தால் செடி போய்விடும். துளை அடைத்திருந்த மூன்றுக்கு மட்டும் மண் மாற்றம். மற்றவற்றுக்கு வடிகாலைத் திறந்தால் போதும்.

செய்தவை: வடிகால், மண்

தட்டுகள் எல்லாம் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு தொட்டியின் கீழும் மூன்று செங்கல் துண்டு வைத்து ஓரங்குலம் உயர்த்தினோம். துளையைக் கம்பியால் கிளறித் திறந்து, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில் 10 மி.மீ. அளவில் நான்கு துளைகள் கூடுதலாகப் போட்டோம். மேலிருந்து இரண்டு அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடப்பட்டது.

புதுக் கலவை 10 பங்கில்: செம்மண் 4, அரிசி அளவுக்குப் பருத்த மணல் 2, பட்டாணி அளவு செங்கல் சில்லு 1, நன்கு மக்கிய தொழு உரம் 2, அலசிய தென்னை நார்க்கழிவு 1. எம்-சாண்ட் (கல்லை அரைத்த செயற்கை மணல்) கிடைத்தால் கழுவித் தூளை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். அந்தத் தூள் சிமென்ட் போல இறுகும். தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. எலும்புத்தூள் சேர்க்கவில்லை. ஏற்கெனவே காரம் ஏறிய மண்ணில் மேலும் சுண்ணமும் மணிச்சத்தும் போனால் இரும்பு இன்னும் கட்டுப்படும்.

3-ஆம் தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் கத்தியால் கிழித்து எடுத்தோம். வேர்க்கட்டின் வெளிப்புறத்தைச் சுற்றி ஓரங்குலம் மட்டும் சீவிவிட்டு 14 அங்குலத் தொட்டியில் வைத்தோம். 9-ஆம் தொட்டிக்கும் அதே முறை.

12-ஆம் தொட்டியை நாங்கள் வருவதற்குள் வீட்டார் தாங்களே கழற்றியிருந்தார்கள். தொட்டியை வெட்ட மனமில்லாமல் அடிக்கட்டையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். காலையில் தண்ணீர் ஊற்றிய மண், கனம் அதிகம். வேர்க்கட்டு பாதியில் உடைந்து, கீழ்ப்பாதி தொட்டியிலேயே தங்கிவிட்டது. நிழலில் வைத்துக் கவனித்தும் செடி துளிர்க்கவில்லை. பிப்ரவரி கடைசியில் பட்டையைச் சுரண்டியபோது உள்ளே பழுப்பு.

செய்தவை: கவாத்தும் வடிவமும்

கையுறை, முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு செடிக்கும் முன்பும் பின்பும் கவாத்துக் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தோம். முதலில் காய்ந்த கிளை, பென்சிலைவிட மெல்லிய கிளை, உள்நோக்கி வளர்ந்து மற்றதோடு உரசும் கிளை ஆகியவை அடியோடு நீக்கப்பட்டன. மிஞ்சியதில் திசைக்கொன்றாக நான்கைந்து கிளைகள். அவற்றை 20 முதல் 25 செ.மீ. விட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்டினோம். கணு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் புதுக் கிளை போகும். உள்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டினால் செடியின் நடு மறுபடி அடைந்துவிடும். விரல் தடிமனுக்கு மேற்பட்ட வெட்டுகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை பூசப்பட்டது.

எல்லாச் செடிக்கும் ஒரே வடிவம் என்று போகவில்லை. செடி எப்படி நிற்கிறதோ அதையே ஒட்டிப்போனோம். 1, 2 இரண்டும் வளைந்து தொங்கும் இயல்புள்ளவை. அவற்றை இரும்பு நிலையடுக்கின் மேல் வைத்து ஒரு பக்கமாகச் சரியும்படி விட்டோம். கைப்பிடிச் சுவர்மேல் வைக்க அனுமதிக்கவில்லை, கீழே நடைபாதை இருக்கிறது. 3, 6 இரண்டிலும் பெருவிரல் தடிமனில் நேரான ஒற்றைக் கட்டை இருந்ததால் குடைவடிவம்: சவுக்குக் கம்பு ஊன்றி, பழைய பருத்தித்துணியால் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு மூன்று இடத்தில் கட்டி, தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் தலையை வெட்டினோம். மேல் ஐந்து கணுவில் கிளம்பும் சிம்புகளே குடை. அதற்குக் கீழே வருவதை விரலால் உரித்துவிட வேண்டும், வாரம் ஒருமுறை. 4, 7, 8 புதர் வடிவம்.

7-ஆம் தொட்டியில் நல்ல இடத்தில் இருந்த இளங்கிளை ஒன்றை வெட்டாமல், கிடைமட்டமாக வளைத்து தொட்டி விளிம்பில் கட்டினோம். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனி மொட்டு மற்ற மொட்டுகளை உறங்கவைக்கும். கிடைமட்டமானால் அந்தப் பிடி தளர்ந்து, முதுகு நெடுக ஒவ்வொரு கணுவும் விழிக்கும். ஒரேயடியாக வளைத்தால் ஒடிந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை கயிற்றைச் சிறிது இழுத்து, இரண்டு வாரத்தில் கீழே கொண்டுவந்தோம். 11 சிம்புகள் வந்தன. எல்லாவற்றிலும் மனதுக்கு நிறைவளித்த கிளை அதுதான்.

5-ஆம் ஒட்டுச்செடியில் வேர்ச்செடியின் போத்தை ஒட்டுக்குக் கீழே அடிப்பட்டையோடு சேர்த்துச் சீவி எடுத்தோம். குச்சியாக விட்டு வெட்டினால் அங்கிருந்தே மூன்று போத்து கிளம்பும். மிஞ்சிய வெள்ளைக் கிளை மட்டும் வெட்டப்படவில்லை. இலையுள்ள ஒரே பகுதி அதுதான்.

9, 10, 11 மூன்றும் ஜனவரி முதல் வாரமே வெயிலுக்கு மாற்றப்பட்டன. மூன்றாண்டு நிழலில் இருந்த இலைகள் ஓரம் கருகின. எதிர்பார்த்ததுதான், புது இலை வெயிலுக்கு ஏற்ப வரும். 10-ஆம் தொட்டியின் மாவுப்பூச்சிக்கு, வெட்டியபின் மிஞ்சிய கட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புக் கரைசல் தொட்டுத் தேய்த்து, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை மூன்று முறை தெளித்தோம். தொட்டிக் கால்களில் எறும்பு ஏறாமல் தடுத்தது அதைவிட முக்கியம். எறும்புதான் பூச்சியைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்கிறது.

பிப்ரவரி: நுனி கிள்ளுதல்

முதல் ஆறு தொட்டிகளும் வெட்டிய 11 முதல் 13 நாளில் துளிர்த்தன. பச்சைப் புள்ளிகளைப் பார்த்த பிறகு வீட்டாருக்கு வந்த தைரியம் பெரியது. இரண்டாவது தவணைக்குக் கத்தரியை அந்த அம்மாவே எடுத்தார்.

தளிர் 10, 12 செ.மீ. நீண்டதும் நுனியில் ஒன்றரை செ.மீ. மட்டும் நகத்தால் கிள்ளினோம். ஒவ்வொரு கிள்ளலும் ஒரு கிளையை இரண்டு மூன்றாக்கும், பூவையும் இரண்டு வாரம் போலத் தள்ளிப்போடும். தொங்கும் 1, 2-க்கு ஒரே கிள்ளல். குடைக்கும் புதருக்கும் இரண்டு. நிழலிலிருந்து வந்த 9, 10, 11-க்கு ஒன்றுதான். அவற்றிடம் சேமிப்பு குறைவு.

இரும்புக்கு, மஞ்சளான மூன்று தொட்டிகளுக்கு மட்டும், கார மண்ணிலும் கட்டுப்படாமல் நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்பு, லிட்டருக்கு 1 கிராம், தொட்டிக்கு அரை லிட்டர், மூன்று வாரம் இடைவெளியில் இருமுறை. கடையில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, மண்ணின் கார அமில அளவு 6.5-ஐத் தாண்டினால் நிற்காது, இரும்பை விட்டுவிடும். இதே மாடிக்கு முந்தைய ஆண்டு அதை வாங்கி ஊற்றிப் பயனில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். சத்து தவறில்லை, வகை தவறு. புதுத்துளிர் மூன்று வாரத்தில் பச்சையானது. கோடையில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றத் தொடங்கினார்கள். அந்த நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை.

உரம் பிப்ரவரி கடைசியில்தான்: சாம்பல்சத்து மட்டும் தரும் 0:0:50, லிட்டருக்கு 2 கிராம், தொட்டிக்கு அரை லிட்டர், 10 நாளுக்கு ஒருமுறை. பூவுக்கென்று பலர் சொல்லும், மணிச்சத்து மிகுந்த 0:52:34-ஐத் தவிர்த்தோம். மணிச்சத்து கூடினால் இரும்பு மறுபடி கட்டுப்படும்.

மார்ச்: தண்ணீரைக் குறைத்தல்

கடைசிக் கிள்ளலுக்குப் பின் தளிர் 15 செ.மீ. ஆனதும் தினசரித் தண்ணீர் நின்றது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, தொட்டியைத் தூக்கிக் கனமும் பார்த்து, இலை ஓரம் மாலையில் லேசாகத் தொங்கினால் மட்டும் மறுநாள் காலை துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். அரைகுறையாக ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், உப்பும் உள்ளே தங்கும். இந்த வாட்டம் தளிரின் நீட்சியை நிறுத்துகிறது. முள்ளாக வேண்டியது பூங்கொத்தாகிறது.

1, 2 தொட்டிகளில் மார்ச் 12 அன்று நுனியில் நிறம் தெரிந்தது. 3, 4, 6-இல் மார்ச் 24 முதல் 28-க்குள். வெட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால், ஒரு கிள்ளலுக்கு எட்டு வாரம், இரண்டு கிள்ளலுக்குப் பத்து வாரம்.

4, 6 இரண்டிலும் அடுத்த ஐந்து நாளில் மொட்டுகள் உதிர்ந்தன. பிழை எங்கள் குறிப்பில். "வாடினால் மட்டும் ஊற்றவும்" என்று எழுதிக்கொடுத்தோமே தவிர, நிறம் தெரிந்ததும் வாட்டத்தை நிறுத்திச் சீராகத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. மார்ச் கடைசி வெயிலில் அவர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1, 2 நிலையடுக்கில் படிக்கட்டு அறையின் மாலை நிழலில் இருந்ததால் தப்பின.

விளைவு

1, 2, 3 மூன்றும் நான்கைந்து வாரம் நிறைந்து பூத்தன. 3-ஆம் தொட்டியின் குடை இன்னும் சிறியது, தலையில் 14 கிளை. 7, 8 ஏப்ரல் முதல் வாரத்தில் பூத்தன. அவற்றின் மேலிருந்த விளக்கை ஜனவரியிலேயே அசைவு உணர்ந்து எரியும் வகைக்கு மாற்றிவிட்டதாலும், இரண்டு வாரம் பிந்தி வெட்டியதாலும், பூத்த நாளை வைத்து விளக்கின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்வதற்கில்லை. 4, 6 ஏப்ரல் கடைசியில் மறுபடி மொட்டெடுத்தன. 9, 10, 11-இலும் அதே சமயம் பூ, ஆனால் அடர்த்தி பாதிதான். 5-ஆம் செடியில் வெள்ளைக் கிளை இரண்டாகப் பிரிந்தது, பூ இல்லை. 12 இறந்தது.

8-ஆம் தொட்டி அடுக்குப்பூ வகையான மகரா. அதன் வண்ண இலைகள் காய்ந்தபின்னும் உதிராமல் பழுப்பாகத் தொங்கும். கொத்தோடு வெட்டிவிட வேண்டும். மற்றவற்றில் பூ முடிந்ததும் அந்தப் பருவத்துக் கிளையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினோம். ஜூன் இரண்டாம் வாரத்தில் அடுத்த பூ.

மே மாதத்தில் மேற்கு ஓரத்துத் தொட்டிகளின் பக்கச்சுவர் கை வைக்க முடியாத சூடு. கறுப்புப் பிளாஸ்டிக்கின் அந்தப் பக்க வேர் வெந்துவிடும். பழைய சணல் சாக்கைச் சுற்றி, தொட்டியின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் நிழல் கொடுத்தோம். இலைக்கு வெயில் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்.

அக்டோபர் மழையில் எல்லாச் செடியும் தழைத்தன. அது இயல்பு. அந்த மூன்று மாதம் உரம் இல்லை, தட்டு இல்லை, நீண்ட கிளையின் நுனியை மட்டும் கிள்ளுவதோடு சரி. அடுத்த ஜனவரி 18 அன்று வீட்டார் தாங்களே கவாத்து செய்தார்கள். அந்த மார்ச்சில் 11 தொட்டியில் 10 பூத்தன. 9, 10, 11 மற்றவற்றுக்கு இணையாக. 5-இல் வெள்ளைப் பூ முதல்முறையாக, ஒரு கொத்து.

மாற்றிச் செய்யக்கூடியவை

நிழலில் இருந்த மூன்றையும் வெயிலுக்கு மாற்றிய நான்கு வாரத்துக்குள் அடிவரை வெட்டியது அவசரம். பாதி உயரம் மட்டும் வெட்டி, இலை வைத்து ஒரு பருவம் வெயிலில் தேறவிட்டிருந்தால் முதல் பூ அடர்த்தியாக இருந்திருக்கும். வெட்டுக்குப் பின் செடி துளிர்ப்பது கட்டையில் சேர்த்த மாவுச்சத்தால்; நிழல்செடியிடம் அது இல்லை.

மண் மாற்றத்தையும் கவாத்தையும் ஒரே வாரத்தில் வைக்காமல், துளிர் விட்டபின் மண் மாற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 3, 9 இரண்டும் பிழைத்ததால் அதைக் கட்டாயம் என்று சொல்லமாட்டோம். தொட்டியை வெட்டி எடுப்பது மட்டும் கட்டாயம். 12-ஐக் கழற்றும்போது நாங்கள் உடன் இருந்திருக்க வேண்டும். அல்லது 200 ரூபாய்த் தொட்டியைவிட மூன்றாண்டுச் செடி பெரிது என்பதை முன்கூட்டியே எடுத்துச்சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர்க் குறிப்பு இப்போது மூன்று வரி: தளிர் 15 செ.மீ. ஆகும்வரை மேல்மண் காய்ந்ததும் ஊற்று; அதன்பின் இலை வாடினால் மட்டும் ஊற்று; நுனியில் நிறம் கண்ட அன்றிலிருந்து வாடவிடாதே. தொட்டிக்குத் தொட்டி நாள் மாறும் என்பதால், எந்தத் தொட்டி எந்த வரியில் இருக்கிறது என்று எண் எழுதிய அட்டையிலேயே சாக்கட்டியால் 1, 2, 3 என்று குறிக்கிறார்கள்.

ஒட்டுச்செடியில் ஒட்டு இருக்கும் இடத்துக்கு வாங்கிய அன்றே வண்ணநூல் கட்டிவிட வேண்டும். நூலுக்குக் கீழே எது முளைத்தாலும், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அன்றே கிள்ளி எறிய வேண்டும். 5-ஆம் தொட்டியின் மூன்று நிறங்கள் அப்படிப் பிழைத்திருக்கும்.